ஆறுமுகத்தின் கை படாத இடம்

1. காரோடு வந்த வழக்கு

விஸ்வநாதன் சார் காரை விட்டு இறங்கும்போதே, "காஜா பாய், இந்த அநியாயத்தைப் பாருங்கோ" என்றார்.

கறுப்பு கார். வாங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மும்பை செம்பூரில் என் ஒர்க்‌ஷாப் வாசலில் பத்து மணி வெயில் நேராக விழும். அந்த வெயிலில் பானெட்டைப் பார்த்தால் சிலந்தி வலை பின்னின மாதிரி இருந்தது. நாங்கள் ஸ்வர்ல் மார்க் என்று சொல்வது அதைத்தான். கண்ணுக்குத் தெரியும், நகத்தால் தடவினால் தட்டுப்படாது.

"எங்க பில்டிங்ல வண்டி கழுவறானே ஆறுமுகம், அவன் பண்ணின வேலை. அழுக்குத் துணியை வச்சுண்டு தேய்க்கறான். ஞாயித்துக்கிழமை சொசைட்டி மீட்டிங். அவனை கேட்டுக்குள்ளயே விடப்படாதுன்னு சொல்லப்போறேன். கழுவினதாலதான் கீறல்னு நீங்க சொன்னதாச் சொல்லலாமோல்லியோ?"

"பார்த்துட்டுச் சொல்லுதேன் சார். வண்டிய விட்டுட்டுப் போங்க."

"இதுல பார்க்க என்ன இருக்கு?" என்றார். மாட்டுங்காவில் பரம்பரையாக இருக்கிற பாலக்காட்டுக் குடும்பம், பேங்க் உத்தியோகம், நல்ல மனுஷர். என் கையில் வேலை கொடுத்தால் குறுக்கே பேசமாட்டார். அன்றைக்கு மட்டும் தீர்ப்பை எழுதிக்கொண்டு வந்திருந்தார். என் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

என்னிடம் வேலை பழகியவர்கள் இப்போது வாஷியிலும் தானேயிலும் கடை போட்டிருக்கிறார்கள். கறுப்பு வண்டி வந்தால் பயமாக இருக்கிறது என்று போன் பண்ணுவார்கள். எனக்குக் கறுப்பு வண்டிதான் பிடிக்கும். வெள்ளை வண்டி எல்லாவற்றையும் மூடி மறைத்துவிடும். கறுப்புக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. டார்ச்சைப் பிடித்தால் நடந்ததை எல்லாம் கொட்டிவிடும்.

2. கிளே பாரில் வந்த மஞ்சள்

முதலில் ஷாம்பூ வாஷ், பிறகு கிளே பார். கிளே பார் என்பது பிசைந்த மாவு மாதிரி ஒரு கட்டி. பெயின்டில் ஒட்டிக்கிடக்கிற தூசு, இரும்புத் துகள் எல்லாவற்றையும் இழுத்துக்கொள்ளும். மும்பை வண்டி என்றால் கட்டி கறுத்துப் போகும். இந்த வண்டியிலும் கதவு, கூரை எல்லாம் தேய்த்தபோது கறுப்புத்தான் வந்தது. பானெட்டின் மூக்கில், கம்பெனி சின்னத்துக்கு மேலே தேய்த்தபோது மட்டும் மஞ்சளாக வந்தது. விரலில் நசுக்கினேன். நறநறவென்று மணல். மோந்து பார்த்தால் சந்தன வாசம்.

டார்ச்சை எடுத்துச் சாய்த்துப் பிடித்தேன். கூரையிலும் கதவிலும் இருந்தது லேசான கோடு. துணி போட்டுக் கழுவுகிற எந்த வண்டியிலும் அது இருக்கும். ஆனால் அந்த மூக்கில், ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு, கோடுகள் ஆழமாக இருந்தன. எல்லாம் ஒரே பக்கமாக வளைந்திருந்தன. காருக்கு முன்னால் நின்றுகொண்டு ஒரு வலது கை திரும்பத் திரும்ப ஒரே இடத்தைத் துடைத்திருக்கிறது.

மத்தியானம் ஆறுமுகமே வந்துவிட்டான். நாற்பது வயசு ஆள், ஆண்டாப் ஹில்லில் குடியிருப்பு. சார் இங்கேதான் வண்டியை விடுவார் என்று வாட்ச்மேனிடம் கேட்டுக்கொண்டு பஸ் ஏறி வந்திருக்கிறான்.

"அவரு வண்டி மட்டும்னா போய்த் தொலையுதுன்னு விட்டுருவேன் பாய். மீட்டிங்ல சொல்லிட்டாருன்னா பில்டிங் பூராவும் நிறுத்திருவாவ. பக்கத்து பில்டிங்லயும் சேக்கமாட்டாவ. பிள்ளையளுக்கு இப்பதான் ஸ்கூல் தொறந்திருக்கு."

"துணியக் காட்டு."

காட்டினான். அதைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வந்தது. ஒரே துணி, ஒரே பக்கெட், இத்தனை வண்டி. நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டான். பிறகு கேட்டேன். "பானெட்ல சந்தனம் யாருப்பா வைக்கது?"

"சார்தான். டெய்லி ஆபீசுக்கு எறங்கும்போது, வீட்டுல கல்லுல அரைச்ச சந்தனத்த வச்சுக் கும்பிட்டுட்டுத்தான் வண்டிய எடுப்பாரு."

"மறுநா நீ கழுவுவியா அத?"

"அந்த எடத்துல நான் கையே வைக்க மாட்டேன் பாய். தண்ணி ஊத்துனா சந்தனம் கீழ ஓடி மிதிபடும், நானே தொடச்சுக்கறேன்னு மொதல்லயே சொல்லிட்டாரு. ஒரு பழைய வேட்டித்துணி வச்சிருக்காரு, அதால காஞ்சதத் தொடைப்பாரு."

வண்டியிலேயே மோசமான இடம், இவன் கை படாத இடம். அதைச் சொன்னதும் அவன் முகம் மலரவில்லை, வெளுத்தது. "சாமி காரியம் பாய். நான் எப்படிப் போய்ச் சொல்ல? சொன்னா இன்னும் கோவம்தான் வரும்."

அவன் பயம் எனக்கும் புரிந்தது. எனக்கும் தயக்கம் இருந்தது. சந்தனத்தால்தான் கெட்டது என்று காஜா மைதீன் சொன்னான் என்று ஒரு பில்டிங்கில் பேச்சுக் கிளம்பினால், நான் எந்த அர்த்தத்தில் சொன்னேன் என்று யார் வந்து கேட்கப்போகிறார்கள்? வாயை மூடிக்கொண்டு பாலிஷ் போட்டு அனுப்பினால் எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை. ஆறுமுகத்தின் பிழைப்புத்தான் போகும். அதுவும் என் பெயரைச் சொல்லிப் போகும். அதை என்னால் பொறுக்க முடியவில்லை.

3. பாதி பானெட்

ஸ்வர்ல் மார்க்கை எடுக்கிறோம் என்று சொல்கிறோமே, உண்மையில் எதையும் எடுப்பதில்லை. பெயின்டுக்கு மேலே இருக்கிற கிளியர் கோட்டில் பள்ளம் விழுந்திருக்கிறது. பள்ளத்தை நிரப்ப வழியில்லை, சுற்றியிருக்கிற மேட்டை இறக்குகிறோம். ஒவ்வொரு பாலிஷிலும் தோல் கொஞ்சம் போகிறது. அதனால் தோல் எவ்வளவு கனம் என்று திக்னெஸ் மீட்டர் வைத்துப் பார்க்காமல் நான் மெஷினைத் தொடமாட்டேன். இந்த வண்டியில் கோட் தெம்பாக இருந்தது.

பானெட்டின் நடுவில் மாஸ்கிங் டேப் ஒட்டி இரண்டாகப் பிரித்தேன். இடது பாதியில் மட்டும் வேலை. முதலில் சாஃப்ட் பேடும் ஃபினிஷிங் பாலிஷும் போட்டு ஒரு டெஸ்ட் ஸ்பாட். மூக்கில் அது போதவில்லை, அங்கே மட்டும் காம்பவுண்ட் என்கிற, ஒரு படி காரமான பாலிஷ். டி.ஏ. என்கிற பாலிஷ் மெஷினை அவசரப்படாமல் நகர்த்தி, திரும்ப ஃபினிஷிங். கடைசியில் ஆல்கஹால் கலந்த தண்ணீரால் துடைத்தேன். பாலிஷில் இருக்கிற எண்ணெய் கீறலை மூடிக்கொண்டு நம்மை ஏமாற்றும், அதைத் துடைத்த பிறகும் பளபளத்தால்தான் வேலை. பளபளத்தது. இடது பாதியில் கூரை டியூப்லைட் முழுசாகத் தெரிந்தது, வலது பாதியில் பஞ்சு ஒட்டிக்கிடந்தது மாதிரி தெரிந்தது.

சாயங்காலம் சார் வந்து பார்த்துவிட்டு அசந்துபோனார். ஆறுமுகம் ஷட்டர் ஓரமாக நின்றான். அவனைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"சார், மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க. காலையில சந்தனம் எப்படி வைப்பீங்களோ, அப்படி இந்த நல்ல பாதியில வைங்க."

"எதுக்கு?"

"வைங்க சார். கெட்டா நான் சரி பண்ணித் தாரேன்."

டேஷ்போர்டிலிருந்து, வீட்டில் அரைத்த சந்தனம் இருந்த சின்ன வெள்ளிக் கிண்ணத்தை எடுத்து, குழைத்து, மூக்கின் மேல் வைத்தார். கண்ணை ஒரு நிமிஷம் மூடினார். நான் ஃபேனைத் திருப்பி வைத்தேன். சாய் வந்தது. குடித்து முடிப்பதற்குள் சந்தனம் காய்ந்துவிட்டது.

"இப்ப துடைங்க. உங்க துணியாலயே."

வேட்டித்துணியை நாலாக மடித்துத் துடைத்தார். கை தானாக அந்த வளைவில்தான் போயிற்று. நான் டார்ச்சை அவர் கையில் கொடுத்தேன்.

குனிந்து பார்த்தார். புதுக் கோடுகள். டேப்புக்கு அந்தப் பக்கம் இருந்த பழைய கோடுகளைப் பார்த்தார். ரெண்டும் ஒரே பக்கம் வளைந்திருந்தன. திரும்ப இந்தப் பக்கம். டார்ச்சை அணைக்கக்கூட மறந்துபோய் நின்றார்.

"நானா?" என்றார்.

"சந்தனம் ஒண்ணும் பண்ணல சார். கல்லுல அரைக்கும்போது கல்லும் கொஞ்சம் வருது. காஞ்சப்புறம் துடைச்சா அது உப்புத்தாள் வேலை பண்ணும். கழுவற துணியாலயும் லேசாக் கோடு இருக்கு, இல்லன்னு சொல்லமாட்டேன், அதுக்கு இவன நல்லா ஏசிட்டேன். ஆனா இந்த எடத்துல அவன் கையே வச்சதில்ல. வைக்க வேண்டாம்னு சொன்னது நீங்க."

அவர் போனை எடுத்தார். சொசைட்டி செகரட்டரியிடம் பேசினார். "ஆறுமுகம் விஷயத்தை மீட்டிங்ல எடுக்க வேண்டாம். ஆமாம், எடுக்கணும்னு நான்தான் சொன்னேன். கீறினது நான்தான். என் கைதான்." ஆறுமுகம் காதில் விழட்டும் என்றே சத்தமாகச் சொன்னார் என்று நினைக்கிறேன்.

பிறகு என்னிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார். "அப்போ சந்தனத்தை நிறுத்திடணுமா பாய்?"

"எதுக்கு சார் நிறுத்தணும்? எங்க ஊர் தர்காவுலயும் சந்தனக்கூடு அன்னைக்குச் சந்தனம் பூசுவாங்க. அந்த வாசனை இல்லாம எனக்கு அந்த நாளே நாளா இருக்காது. முன் கண்ணாடியில, வைப்பர் படாத மூலையில வைங்க. மறுநாள் ஈரத்துணியால ஒத்தி எடுங்க, தேய்க்காதீங்க. அவ்வளவுதான்."

"அந்தத் துணியை அலசின தண்ணியைத் துளசிச் செடில விட்டுட்டா மிதிபடாது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். முகம் தெளிந்தது.

மீதிப் பாதியையும், அவர் புதிதாகக் கீறினதையும் முடித்து மறுநாள் வண்டியைக் கொடுத்தேன். ஆறுமுகத்துக்கு மைக்ரோஃபைபர் துணி ஒரு கட்டும், இன்னொரு பக்கெட்டும் வாங்கிக் கொடுத்தது அவர்தான்.

திங்கட்கிழமை காலையில் ஆறுமுகம் போன் பண்ணினான். குரலே சரியில்லை. என்னமோ ஏதோ என்று பயந்துவிட்டேன்.

"பாய், சார் கீழ வந்தாரு. கண்ணாடியில இருந்த சந்தனத்தக் காட்டி, இனிமே இத நீயே ஒத்தி எடுத்துரு ஆறுமுகம்னாரு. துணிய மேல கொண்டு வந்து குடு, நான் அலசிக்கறேன்னாரு. ரெண்டு கையையும் நல்லாக் கழுவிட்டுத்தான் தொட்டேன் பாய்."



கறுப்பு வண்டிக்குப் பயப்படுகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். மெஷினுக்கு முன்னால் டார்ச்சை எடு. கோடு எப்படி வளைகிறது, எந்தக் கை போட்டது என்று தெரிந்துகொள். தெரிந்ததை வண்டிக்காரரிடம் சொல். சொல்லாமல் பாலிஷ் போட்டால் வண்டி திரும்பத் திரும்ப வரும், ஒவ்வொரு தடவையும் தோல் குறையும், நடுவில் யாராவது ஒருத்தன் வேலையை இழப்பான்.

அந்தக் கார் அதற்கப்புறம் பாலிஷுக்கு என்னிடம் வரவே இல்லை. வியாபாரத்துக்கு நஷ்டம்தான். மாட்டுங்கா பக்கம் போனால் அந்த கேட் வழியாகத்தான் போகிறேன். வெயிலில் நிற்கிற அந்த பானெட்டை ஒரு தடவை பார்த்துவிட்டு வருகிறேன்.