மாமா வாங்கி வைத்திருந்தது

அப்பா லிஃப்ட் மெக்கானிக். ஆனால் பதினோரு வருடங்களாக எந்தக் கட்டடத்திலும் படியில்தான் ஏறுவார். "ஊருக்கெல்லாம் லிஃப்ட் ஓட்டுறவன், தான் மட்டும் முட்டி தேய ஏறுறான்" என்று மாமா கிண்டல் செய்வார். மாமா அம்மாவின் அண்ணன். அப்பாவோடு ஒரே கம்பெனியில் வேலை பார்த்தவர். கிண்டலை முடித்துவிட்டு இருமுவார். சிறையிலிருந்து கொண்டுவந்த இருமல்.

ஆலயத்தில் அப்பமும் திராட்சை ரசமும் தரும் திருவிருந்துக்கு எல்லோரும் எழுந்து போகும்போது அப்பா மட்டும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். அம்மா அவர் முழங்காலைத் தாண்டிப் போய், மறுபடி தாண்டி வருவாள். "நமக்கு வரவேண்டிய தண்டனையை இயேசு நம் இடத்தில் நின்று ஏற்றுக்கொண்டார்" என்று போதகர் சொல்வது மற்றவர்களுக்கு நற்செய்தி. அப்பாவுக்கு அது, மூன்று பெஞ்சு முன்னால் இருமிக்கொண்டிருக்கும் ஒருவரின் முதுகு.

காரணம் இதுதான். மாடிக் கதவு சரியாகப் பூட்டாவிட்டால் லிஃப்ட் நகராது. பழுது பார்க்கும்போது மட்டும் அந்தத் தடையை மீற ஒரு சிவப்பு ஒயரைக் குறுக்கே போடுவார்கள். அதை எடுக்க மறந்தால், பூட்டாத கதவோடும் லிஃப்ட் ஓடும். மறக்காமலிருக்க மெக்கானிக்குகள் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். டப்பாவிலிருந்து ஒயரை எடுத்துக்கொண்டு போகிறவர் தன் பைக் சாவியை அந்த டப்பாவில் போட வேண்டும். ஒயரைத் திருப்பி வைத்தால்தான் சாவி.

அன்று அப்பாவின் பைக் ஒர்க்‌ஷாப்பில் இருந்தது. மாமாவின் பைக்கில் இருவரும் போனார்கள். வேலை முடிந்ததும் மாமா தன் ஒயரை வைத்துவிட்டுச் சாவியை எடுத்துக்கொண்டார். அப்பா போட்ட ஒயர் மூன்றாம் மாடியிலேயே இருந்தது. அதை நினைவுபடுத்த டப்பாவில் சாவி எதுவும் இல்லை.

மறுநாள் காலை துணிக்கூடையோடு ஒரு பெண் மூன்றாம் மாடியில் பூட்டாமல் கிடந்த கதவைத் திறந்தாள். கதவு திறந்ததால் லிஃப்ட் அங்கே நிற்கிறது என்று நினைத்துக் காலை வைத்தாள். லிஃப்ட் ஆறாம் மாடியில் இருந்தது.

போலீஸ் வந்ததும், ஒயரைப் போட்டது தான்தான் என்றார் மாமா. அப்பாவைத் தனியே இழுத்து, "உனக்கு ரெண்டு பொண்ணுங்க. எனக்கு யாரு இருக்கா, சுவத்துல பல்லியா? வாயை மூடிக்கிட்டு இரு" என்றார். அப்பா வாயை மூடிக்கொண்டார். மாமாவுக்கு மூன்று வருடம் கிடைத்தது.

மாமாவின் நுரையீரல் இனி சில வாரங்கள்தான் தாங்கும் என்று டாக்டர் சொன்ன அன்றுதான் இதையெல்லாம் அப்பா எங்களிடம் சொன்னார். இறந்த பெண்ணின் கணவரிடம் உண்மையைச் சொல்லப் போவதாகவும் சொன்னார். மாமா கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"இப்பப் போய்ச் சொன்னா நான் உள்ள கிடந்தது எதுக்கு மாப்ள?"

"நீங்களும் போயிட்டா நான் யார்கூட மச்சான் இதை வச்சுக்கிட்டு இருக்கிறது?"

"வச்சுக்க வேணாம். தூக்கிப் போடு. அதுக்குத்தான போனேன்."

அப்பா கேட்கவில்லை. "நீயும் வா. தனியாப் போனா பாதி வழியில திரும்பிடுவேன்" என்று என்னை அழைத்துக்கொண்டு போனார்.

அந்தக் கணவர் தையல்காரர். அதே மூன்றாம் மாடியில்தான் இன்னும் இருக்கிறார். ஜன்னலோரம் ஒரு பள்ளிச் சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தார். அப்பா நின்றபடியே சொல்லி முடித்தார். மிஷினில் கால் அசையவில்லை.

"உங்க மச்சானைப் பாக்க ஜெயிலுக்கு நாலு தடவை போனேன்" என்றார் தையல்காரர். "மூணு தடவை வாசலோட திரும்பிட்டேன். நாலாவது தடவைதான் எனக்கு வாய் வந்துச்சு. மன்னிச்சிட்டேன்னு சொன்னேன். அவரு ஒண்ணும் பேசல, அழுதாரு. இப்பச் சொல்லுங்க, நான் யாரை மன்னிச்சேன்?"

அப்பா ஒரு அடி முன்னால் வந்தார்.

"போலீஸ்ல சொல்லச் சொன்னாலும் சொல்றேங்க."

"சொன்னா அவ வருவாளா?" காலரைத் திருப்பினார். "இன்னொரு தடவை முதல்லேர்ந்து ஆரம்பிக்க எனக்குத் தெம்பு இல்ல. போங்க."

அங்கிருந்து நேராக மாமாவிடம் வந்தோம். தையல்காரர் கேட்டதை அப்பா அப்படியே சொன்னார். மாமா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார்.

"அன்னைக்கு அவர் முகத்தைப் பாக்க முடியல மாப்ள. எனக்குச் சொன்ன மாதிரித் தலையாட்டிட்டேன். ஆனா அந்த மன்னிப்பு எனக்கு வந்தது இல்ல. உனக்கு வந்தது. வாங்கி வச்சிருந்தேன்."

"இத்தனை வருஷமா ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா அன்னைக்கே அவர் கால்ல விழ ஓடியிருப்ப. உன்னைத் தெரியாதா எனக்கு? இப்பவாவது எடுத்துக்க."

"முடியல மச்சான்."

"மூணு வருஷம் எனக்கு முடிஞ்சுதே. உனக்கு இது முடியலையா?"

அந்த வாரக் கடைசியில் போதகர் திருவிருந்து கொடுக்க வீட்டுக்கு வந்தார். இதுதான் கடைசி என்பது எல்லோருக்கும் தெரியும். அப்பா கதவோரம் நின்றார். போதகர் அப்பத்தை நீட்டியதும் மாமா உதட்டை இறுக்கிக்கொண்டார்.

"முதல்ல அவனுக்குக் குடுங்க ஐயா."

போதகர் அப்பாவைப் பார்த்தார். அப்பா தலையை ஆட்டி மறுத்தார்.

"அப்ப எனக்கும் வேணாம்" என்றார் மாமா. "இப்படியே போறேன்."

அம்மா கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "இதுலயும் அண்ணனை உங்களுக்காகப் பட்டினி போடப் போறீங்களா?" என்று கேட்டாள். அவள் அப்பாவிடம் இவ்வளவு கடுமையாகப் பேசி நான் கேட்டதில்லை.

அப்பா வந்து முழங்காலிட்டார். அப்பத்தை வாங்கி மென்றார். கிண்ணத்தை உதட்டுக்குக் கொண்டு போகும்போது பாதி சட்டையில் சிந்தியது. மீதியைக் குடித்தார். அவர் முகத்தில் நிம்மதி எதுவும் தெரியவில்லை. பதினோரு வருடங்களாக மறுத்ததை வேறு வழியில்லாமல் விழுங்கிய முகம் அது.

"ரொம்ப லேட் பண்ணிட்ட மாப்ள" என்று சொல்லிவிட்டு மாமா வாயைத் திறந்தார்.

செவ்வாய்க்கிழமை மாமா இறந்தார். அடக்கத்துக்குத் தையல்காரர் வந்திருந்தார். கல்லறைத் தோட்டத்துக் கேட்டுக்கு வெளியிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். மண் போட்டு முடிந்ததும் அப்பா அவரை நோக்கி நடந்தார். தையல்காரர் விலகிப் போகவில்லை. கேட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக இருவரும் சற்று நேரம் நின்றார்கள். பிறகு தையல்காரர் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.