சேவியர் அண்ணன் முடிக்காத கதைகள்

கேம் மாஸ்டர் வேலை என்பது, ஆசை ஆசையாய்ச் சமைத்து இலை போட்டபிறகு, வந்தவர்கள் இலையை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுத் தோட்டத்தில் போய் உட்காருவதைப் பார்த்துக்கொண்டு நிற்பது.

இந்த வேலையில் மாட்டிக்கொண்டவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்லுகிறேன். மேஜையைச் சுற்றி உட்கார்ந்து விளையாடும் மாயாஜாலக் கதை இது. ஒருத்தர் வீரன், ஒருத்தர் மந்திரவாதி, ஒருத்தர் திருடன். கேம் மாஸ்டர் கதையைச் சொல்ல, தன் ஆள் என்ன செய்கிறான் என்று அவரவர் சொல்ல, அது பலித்ததா என்பதை டைஸ் உருட்டித் தெரிந்துகொள்வோம். கதையை நாமே கட்டலாம். அச்சிட்ட சாகசப் புத்தகம் வாங்கியும் நடத்தலாம். நான் புத்தகக் கட்சி. தூத்துக்குடியில் ஒரு கிளியரிங் ஆபீசில் பகலெல்லாம் கண்டெய்னர் பேப்பரோடு மல்லுக்கட்டிவிட்டு வருகிறவளுக்குக் கதை கட்ட மூளை எங்கே மிஞ்சுகிறது?

என் மேஜைக்கு மூன்று பேர். சங்கு குளிக்கப் போகிற காஜா, எங்கள் திருடன். ஸ்ரீவைகுண்டத்திலிருந்து பஸ் ஏறி வரும் வேதா டீச்சர், பள்ளிக்கூடத்தில் வரலாறு, எங்களிடம் மந்திரவாதி. அப்புறம் சேவியர் அண்ணன், சரக்குக் கப்பலில் செகண்ட் இன்ஜினியர், கோடரி வீரன். அவர் வீட்டு மாடியில்தான் விளையாட்டு, ஞாயிறு பூசை முடிந்து சாப்பாட்டுக்குப் பிறகு. அண்ணனுக்கு லீவு பேருக்குத்தான் மூன்று மாதமோ நாலு மாதமோ. கம்பெனி எப்போது கூப்பிடும் என்று மாதாவுக்குத்தான் தெரியும். ஏழு வருஷமாக விளையாடுகிறார், ஒரு கதைக்கும் முடிவு பார்த்ததில்லை. ஒரு நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "ஏளா செல்வி, ஒரே ஒரு கதைக்காவது முடிவு பாத்துட்டுக் கப்பல் ஏறணும். எஞ்சின் ரூம்ல நின்னுக்கிட்டு, அந்த டிராகன் என்னாச்சோ ஏதாச்சோன்னு எத்தனை நாள் யோசிக்க?"

அன்றிலிருந்து புத்தகம் தேர்ந்தெடுப்பது எனக்கு மாப்பிள்ளை பார்க்கிற வேலையாகிவிட்டது.

துறைமுகத்தில் மூன்று ஞாயிறு

துறைமுக ஊர்க்காரர்கள், கடல் கதை என்றால் பிய்த்து உதறிவிடுவார்கள் என்று நினைத்தேன். கடற்கொள்ளைக்காரர் புத்தகம் ஒன்றை வாங்கினேன். அட்டையிலேயே கப்பல், புயல், எட்டுக்கால் பூதம். முதல் பக்கத்தில், 'நாயகர்கள் கப்பலில் ஏறிப் புறப்படுகிறார்கள்' என்று ஒரு வரி. அவ்வளவுதான், ஒரே வரி.

அந்த வரியைத் தாண்ட மூன்று ஞாயிறு ஆனது. துறைமுகத்துக்கு வெளியே வழிகாட்டிக் கொண்டுபோய் விடும் பைலட் வராமல் கப்பல் நகராது என்று சேவியர் அண்ணன் உட்கார்ந்துவிட்டார். பைலட்டைக் கொடுத்தேன். சரக்கை இழுத்துக் கட்டியிருக்கிறதா என்று கேட்டார். கட்டினேன். கொள்ளைக்காரக் கப்பலுக்குக் குடிதண்ணீர் எத்தனை பீப்பாய் என்று டீச்சர் கேட்டார். இதெல்லாம்கூடப் பரவாயில்லை. 'சரக்குப் பட்டியல் இல்லாமல் துறைமுக அதிகாரி விடமாட்டார்' என்று சொன்னது யார் தெரியுமா? நான்தான்! பழக்க தோஷம், வாய் தானாகச் சொல்லிவிட்டது. பட்டியல் எழுதவே ஒரு ஞாயிறு போயிற்று. நாலாவது வாரம் கம்பெனியிலிருந்து போன். எட்டுக்கால் பூதத்தின் ஒரு காலைக்கூட யாரும் பார்க்கவில்லை.

பெட்டியைக் கட்டிக்கொண்டே அண்ணன் கேட்டார்: "லீவுக்கு வந்த மனுசனத் திரும்பவும் கப்பல்லயே ஏத்தி, அதையும் கரையிலயே கட்டிப் போட்டுட்டியேளா, நீ நல்லாருப்பியா?"

அளவு பத்தாத சங்கு

அடுத்த லீவுக்குக் கப்பலே இல்லாத கடல் கதையாகப் பார்த்தேன். கடலுக்கடியில் ஓர் அரண்மனை. அதன் கதவைத் திறக்க ஒரு மந்திரச் சங்கு. முங்கி எடுக்க நம்மிடம்தான் காஜா இருக்கிறானே என்று எனக்கு ஏகப்பட்ட தைரியம்.

காஜா முங்கினான். மூச்சுக்கு டைஸ் போடச் சொன்னேன், போட்டான், சங்கு கையில் வந்தது. புத்தகத்தில் இருந்ததை அப்படியே படித்தேன்: "உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் சின்னஞ்சிறு சங்கு, நிலா வெளிச்சம்போல மின்னுகிறது." காஜா, "சின்னதாக்கா?" என்றான். ஆமாம் என்றேன். "அப்ப திரும்பக் கடல்ல போட்டுட்டேன்" என்றான். டேய், அது கதையின் சாவி! அதை எறிந்தால் என்ன ஆகும் என்று புத்தகத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். எழுதினவர் எந்த ஊரோ, இப்படி ஒருத்தன் கிளம்புவான் என்று அவர் கனவிலும் நினைத்திருக்க மாட்டார். மூன்று வாரம் எல்லாருமாகச் சேர்ந்து அந்தச் சங்கைத் தேடினோம். நாலாவது வாரம் அண்ணன் சிங்கப்பூரில் இருந்தார்.

காஜாவுக்குத் துளி வருத்தமில்லை. "சின்னச் சங்க எடுக்கப்படாதுக்கா. மந்திரச் சங்குன்னாலும் வளர வேண்டாமா?"

கருத்துக் கேட்பு

மூன்றாவது தடவை புத்திசாலித்தனமாக எல்லாரிடமும் கேட்டே வாங்கிவிடலாம் என்று இறங்கினேன். இந்தத் தப்பை நீங்களும் செய்திருப்பீர்கள். டீச்சருக்கு அரசியல் சூழ்ச்சி வேண்டும். காஜாவுக்குப் பேய் வேண்டும், ஆனால் ரொம்பப் பயமாக இருக்கக் கூடாது. சேவியர் அண்ணன் கொறிக்க வாங்கிவைத்த முந்திரி மக்ரூன் பெட்டியிலிருந்து கடைசி ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு சொன்னார்: "எதுன்னாலும் சரி, தண்ணி மட்டும் வேண்டாம், முடிவு மட்டும் வேணும்."

தாழிகள்

அப்படிக் கிடைத்ததுதான் இந்த லீவின் புத்தகம். முப்பத்திரண்டே பக்கம், எலும்பும் தோலுமாக இருந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. மண்ணுக்குள் ஒரு பழைய கல்லறை, அதன் அடியில் ஒரு டிராகன் தூங்குகிறது. நடுவில் ஓர் அறை நிறையத் தாழிகள்; உடைத்தால் ஒன்றில் சாவி இருக்கும். ஐந்து நிமிஷ வேலை. நாலே ஞாயிற்றில் முடித்துவிடலாம் என்று பின்னட்டையே சத்தியம் பண்ணியது.

தாழி என்று நான் சொன்னதுமே டீச்சர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். அவர் தினமும் பள்ளிக்கூடம் போகிற வழியில், செத்தவர்களை வைத்துப் புதைத்த பழங்காலத் தாழிகளைத் தோண்டியெடுத்த ஆதிச்சநல்லூர் இருக்கிறது என்பது புத்தகம் வாங்கும்போது எனக்கு ஏன் தோன்றாமல் போனது? அவருடைய மந்திரவாதி முழக்கயிறு எடுத்து அறையைக் கட்டம் கட்டமாகப் பிரித்தார். ஒவ்வொரு தாழிக்கும் நம்பர், படம், உயரம், வாய் அகலம். உள்ளே என்ன இருக்கிறது என்று கைவிட்டுப் பார்க்கப் போன காஜாவின் திருடன் மந்திரவாதியிடம் அடி வாங்கினான். இரண்டு ஞாயிறு போய், முப்பது தாழியில் பதினோரு தாழிதான் ஆகியிருந்தது. அண்ணன் கோடரியைக் கீழே வைத்துவிட்டு நம்பர் எழுதிக்கொண்டிருந்தார், பாவம்.

உடைத்துவிட்டுப் போகலாமே டீச்சர், இது கதைதானே என்று கெஞ்சினேன். "கதைன்னா? உள்ள படுத்திருக்கவன் அவுங்க வீட்டுக்கு மனுஷன் இல்லையா?"

போன்

செவ்வாய்க்கிழமை போன் வந்தது. லீவு முடிய ஒரு மாதம் இருக்கும்போதே கூப்பிட்டுவிட்டார்கள். வெள்ளிக்கிழமை சென்னை, அங்கிருந்து பிளேன். அண்ணன் என்னிடம், "சவத்த விடு, அடுத்த லீவுல பாத்துக்கிடலாம்" என்றார். குரல் அப்படிச் சொல்லவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

வியாழக்கிழமை மத்தியானம் ஆளுக்கு அரை நாள் லீவு போட்டோம். காற்று பலமாக இருந்ததால் காஜா கடலுக்குப் போகவில்லை. டீச்சர் ஸ்பெஷல் கிளாசை இன்னொருத்தர் தலையில் கட்டிவிட்டு வந்து, வந்ததும் வராததுமாகத் தன் நோட்டை மூடிப் பைக்குள் வைத்தார். "பன்னெண்டாவது தாழியை ஒடைக்கேன்" என்றார். நான் வாயைப் பிளந்தேன். "பதிமூணு. பதினாலு. என்ன பாக்கீங்க? டைஸப் போடுங்க!" ஒவ்வொன்றுக்கும் கண்ணை இறுக மூடிக்கொண்டார், ஆனால் நிறுத்தவில்லை. பதினேழாவதில் சாவி இருந்தது. காஜாவின் திருடன் வழியில் ஒரு பொறியை, அளவெல்லாம் பார்க்காமல், தன் உடம்பாலேயே அடைத்தான். நாலரை மணிக்கு டிராகன் கண் விழித்தது, ஐந்தரைக்குக் கால் மடங்கி விழுந்தது. இன்னும் ஒரே வெட்டு. டைஸ் அண்ணன் கையில்.

ஏழு வருஷம் காத்திருந்த மனுஷன் டைஸைக் குலுக்கிக்கொண்டே இருந்தார். அப்புறம் அதை மெதுவாக மக்ரூன் பெட்டி மேல் வைத்தார். "என் ஆளு கோடரியக் கீழ போடுதான்" என்றார். டிராகனிடம் என்ன சொல்லுகிறான் என்று கேட்டேன். கீழே ஹாலில் திறந்தபடி கிடந்த பயணப் பெட்டியை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "போயிட்டு வாரேன். நான் வாரது வரைக்கும் இங்கனயே கெட."

காஜா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். டீச்சர் மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, விரலை நீட்டினார்: "ஆறு தாழியை ஒடைச்சிருக்கேன் சேவியர், ஒனக்காக. நீ பத்திரமா வந்துதான் ஆகணும்."

ஆகவே, எந்தப் புத்தகம் வாங்கலாம் என்று கேட்கும் சக கேம் மாஸ்டர்களே, எதை வேண்டுமானாலும் வாங்குங்கள், கடைசி அத்தியாயம் பிரமாதம் என்பதற்காக மட்டும் வாங்காதீர்கள்.