பச்சைக் கதவு

நீலத்தை முழுக்கச் சுரண்டி எடுத்துவிட்டு, பச்சையைக் குழைத்துக்கொண்டிருந்தான். படத்தில் அது தீப்பெட்டி அளவுக் கதவுதான்.

“நாளைக்குக் கண்காட்சி திறப்பு. இப்பப் போய் என்ன வேலை இது?” காட்சிக்கூடத்தை நடத்தும் அம்மாள் பின்னால் வந்து நின்றாள். “வீடு வீடா பெயின்ட் அடிக்கிறது போதலையா உங்களுக்கு?”

“ரெண்டாவது கோட்டு பாக்கிம்மா.”

அவள் சிரித்துவிட்டுப் போனாள்.

ஊரில், நாட்டை ஆள்பவரைக் காலி நாற்காலியாகச் சுவரில் வரைந்தவன் அவன். அள்ளிக்கொண்டு போக ஆள் வருவதற்குள் எல்லை தாண்டிவிட்டான். ஆறு வருடமாகிறது. இங்கே பிழைப்பு வெள்ளையடிப்பது. வேலை முடிந்து ஒற்றை அறைக்கு வந்தால் தான் பிறந்த தெருவை வரைவது. ஞாபகம் மக்கர் செய்யும் இடங்களில் தங்கைக்குப் போன் போடுவான். ஓடிப்போனவனோடு பேசினாலே அங்கே உள்ளே தள்ளிவிடுவார்கள். இருந்தும் அவள் வாசலில் நின்று, சிநேகிதியிடம் பேசுகிறவள்போல, கண்ணில் பட்டதையெல்லாம் சொல்வாள். அவனும் சொன்னது சொன்னபடி வரைவான்.

அதுவே வினையாகிவிட்டது. படத்தில் அவன் வீட்டு வாசல் மட்டும் அச்சான கண்காட்சி நோட்டீஸ் எப்படியோ ஊர் போய்ச் சேர்ந்தது. அன்று காலையில் தங்கை கூப்பிட்டாள்.

“அண்ணா, ரெண்டு பேர் வந்தாங்க. நோட்டீஸைப் பார்க்கிறாங்க, நம்ம கதவைப் பார்க்கிறாங்க. ‘உங்கண்ணன் போறப்ப இது பச்சைதானே? போன வருஷம் நீலம் அடிச்சது அவனுக்கு யார் சொன்னா?’ன்னு கேட்டாங்க.”

“நீ என்ன சொன்னே?”

“அச்சுல நிறம் மாறியிருக்கும்னேன். ‘அசல் படத்தை எங்காளு நேர்ல பார்ப்பான்’னு சொல்லிட்டுப் போயிருக்காங்க.”

“மாத்திடறேன்.”

“அந்தப் பச்சை தவளை மாதிரி இருக்கும், ஞாபகம் இருக்கா?” சிரிக்கப் பார்த்தாள். “இனிமே நீ கூப்பிடாதேண்ணா. முடிஞ்சா நானே கூப்பிடறேன்.”

கதவு முடிந்தது. பிறகு அவள் சொல்லித் தெரிந்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்தான். எதிர்வீட்டுப் புது மாடியை வானத்தால் மூடினான். வெட்டிவிட்ட மரத்தை மறுபடி நிற்கவைத்தான். மூலைக் கடைக்காரர் செத்துப்போனார் என்று சொல்லியிருந்தாள். அவரைக் கல்லாவில் உட்காரவைத்தான்.

மறுநாள் கண்காட்சி திறந்தது. கொஞ்சம் பேர் வந்தார்கள். தேய்த்த சட்டை போட்ட ஒருவர் குனிந்து, கதவை மட்டும் போனில் படமெடுத்தார். எந்த ஊர் என்று இவன் கேட்கவில்லை. அவர் வேறு எதையும் பார்க்காமல் போய்விட்டார். கூடத்தம்மாள் டீ கொடுத்தாள். சாயங்காலம் அறைக்கு வந்து துணி துவைத்துப் போட்டான். போன் வரவில்லை. அவனும் கூப்பிடவில்லை.