பாலனின்ர சப்பாத்துக்குள்ள வந்த வரிப் பூச்சி

போன ஐப்பசி கந்தசஷ்டிக்கு சிட்னி மேய்ஸ் ஹில் முருகனிட்ட வெளிக்கிட்டம். நான், விரதம் பிடிக்கிற மனுசி, பாரிசில இருந்து அக்காவைப் பாக்க முதல்தரம் வந்த அவவின்ர தம்பி பாலன். டார்னெய்ட்டில எங்கட வீட்டில இருந்து விடிய அஞ்சு மணிக்குக் காரை எடுத்தம். தூரம் தொள்ளாயிரம் கிலோமீற்றர் வரும், பெற்றோல் நூற்றிமுப்பது டொலர் முடியும்.

பாதி வழியில, கண்டகாய் எண்ட ஊரில தேத்தண்ணிக்கு நிப்பாட்டினா நல்ல குளிர். பாலன் செருப்பைக் கழட்டிப்போட்டு, சூட்கேசில கிடந்த சப்பாத்தை எடுத்து உதறினார். பூச்சி ஒண்டு விழுந்துது, உயிரோட!

சின்னவிரல் நகமளவு. கேடயம் மாதிரி முதுகு, சிவப்பு, அதில நீட்டுக்குக் கறுத்தக் கோடுகள். வயித்தில கறுத்தப் பொட்டு. தொட்டுப் பாத்தன், சீ, நாத்தம்!

போனில தேடினா, பெருஞ்சீரகப் பூவில இருக்கிற ஐரோப்பாப் பூச்சியாம். இத்தாலி, பிரான்ஸ், ஜேர்மனி எல்லாம் இருக்குதாம், இப்ப வடக்காலயும் ஏறுதாம். இஞ்ச இல்லையாம். பாலன் பாரிசிலயும் சப்பாத்தைத் தோட்டத்து வாசல்லதான் கழட்டி வைப்பார். எங்கட சனம் விடாத பழக்கம். அதுக்குள்ள ஏறிப் படுத்திட்டுது.

"பாலன், உம்மோட விசா இல்லாம ஒராள் வந்திருக்கிறார்."

பாலன் சிரிக்கேல்ல. "அத்தான், பகிடி விடாதேங்கோ. என்னைத் திருப்பி அனுப்பிப் போடுவினமோ?"

ஒருகாலம் லொறிக்குள்ள ஒளிச்சு பிரான்சுக்குப் போன மனுசன். யூனிபோர்மைக் கண்டா இப்பவும் றோட்டுக்கு மற்றப் பக்கம் மாறிப் போவார்.

"நசிச்சு எறிவம்" எண்டார்.

"சஷ்டியில உயிரைக் கொல்லுறதோ?" மனுசி சீறினா.

"அப்ப புல்லில விடுவம்."

"இஞ்ச பெருகினா?" எண்டு நான் கேட்டன்.

கடைசியில பாலனே சொன்னார்: "அரசாங்கத்துக்குப் போன் அடியுங்கோ அத்தான். என்ர பேரையே சொல்லுங்கோ."

வெளிநாட்டுப் பூச்சியள் வந்தா அறிவிக்கிற அரசாங்கக் காரியாலயத்துக்குப் போன் அடிச்சன். எடுத்த பிள்ளை ஏசேல்ல, தண்டமும் கேக்கேல்ல. "தாங்க்யூ, போத்தில்ல அடைச்சு வையுங்கோ, கோயிலடிக்கே ஆள் வரும்" எண்டுது. பாலன் ஊறுகாய்ப் போத்திலைக் கழுவித் துடைச்சு, மடியிலயே வைச்சுக்கொண்டு வந்தார். கோயில் கார் பார்க்கில காரியாலயத்துப் பெடியன் ஒருத்தன் வானில வந்து வாங்கிக்கொண்டு, பாலனுக்குக் கை குடுத்திட்டுப் போனான்.

பாலன் அந்த வானையே பாத்துக்கொண்டு நிண்டார். "அத்தான், அதை என்ன செய்வினம்?"

"பிளைட்டில பாரிசுக்கு அனுப்புவினம்" எண்டன், சிரிக்காம. மனுசன் பெருமூச்சு விட்டு, நிம்மதியாச் சாமி கும்பிட்டார்.

வெளிநாட்டில இருந்து வாறவை சப்பாத்தை உதறிப்போட்டு அடுக்குங்கோ. பூச்சி கண்டா விடவும் வேண்டாம், நசிக்கவும் வேண்டாம், மூடி வைச்சிட்டு போன் அடியுங்கோ. பாலனுக்கு இன்ரநெட் சரிவராது, இதை வாசிக்கமாட்டார். பாரிசில அவரைக் காணுற ஆக்கள் அந்தப் பிளைட் கதையைப் பற்றி ஒண்டும் சொல்லிப்போடாதேங்கோ.