வாங்குச் சின்னத்தில் நின்ற செலீனா

பள்ளிமுனையில் செலீனாவின் வாய்க்குப் பயப்படாதவை தெருக் கழுதைகள் மட்டும்தான் என்பார்கள். கருவாடு காயப்போட்டு மன்னார்ச் சந்தையில் விற்கிறவள். அவள் பாராளுமன்றத் தேர்தலில் சுயேட்சையாக நிற்கப்போகிறாள் என்றதும் ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. சிரிக்கட்டுமே! இந்தக் கரையில் இழுவைப்படகு வந்து வலையை அறுத்துவிட்டுப் போகும். பெரிய கட்சிக்காரர் வந்து அறுந்த வலையோடு படம் எடுத்துவிட்டுப் போவார்கள். இரண்டும் வருசம் தவறாமல் நடக்கும். பார்த்துப் பார்த்து அவளுக்கு அலுத்துப்போய்விட்டது. முருங்கன் வயல்காரர் சிலரையும், தன்னைப்போல வாய்க்காரிகள் சிலரையும் சேர்த்துக்கொண்டு வேட்புமனுவைக் கொடுத்தாள்.

கிடைத்த சின்னம் வாங்கு. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் நெருக்கியடித்துக்கொண்டு உட்காருகிற நீட்டுப் பலகை வாங்கேதான். நக்கலுக்குக் கேட்கவா வேண்டும்! சந்தையில் மீன் ஏலம் கூறுகிற சீவரத்தினம், "வாங்கு வாங்கெண்டு திரியிறாய், கடைசியில நல்லா வாங்கிக் கட்டப்போறாய்" என்று கத்தினார்.

செலீனா விடுவாளா? "அண்ணை, கதிரையில ஒருத்தர்தான் இருக்கலாம். வாங்கில கொஞ்சம் ஒதுங்கினா நாலு பேர் இருக்கலாம். வாங்கோ, உங்களுக்கும் இடமிருக்கு" என்றாள். அந்தப் பேச்சு அவளுக்கு முன்னால் ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்தது.

அதுதான் றெனால்ட் சம்மாட்டியாரைச் சுட்டது. படகுகளுக்குச் சொந்தக்காரர், பெரிய கட்சியின் அமைப்பாளர். செலீனாவின் புருசன் கொன்ஸ்ரன்ரைன் கலியாணம் முடித்த நாள்முதல் அவருடைய படகில்தான் தொழிலுக்குப் போகிறான்.

"வாக்கைப் பிரிக்கிறாய் பிள்ளை" என்றார் சம்மாட்டியார். "ஞாயிற்றுக்கிழமை எங்கட மேடையில ஏறி, நீ விலகுறாய், சனம் எங்களுக்கே போடட்டும் எண்டு சொல்லு. இல்லையெண்டா உன்ர மனுசனுக்கு என்ர படகில இடமில்லை."

செலீனா வீட்டுக்கு வந்தாள். ஊரை எதிர்க்கலாம், அடுப்பை எதிர்க்க முடியுமா? கொன்ஸ்ரன்ரைன் சண்டை சச்சரவு பிடிக்காத மனிதன். அவன் ஒரு வார்த்தை "விடு" என்றால் எல்லாம் முடிந்தது. நடந்ததைச் சொன்னாள். அவன் சோற்றுக் கோப்பையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

"விடு" என்றான்.

செலீனாவுக்கு உயிர் போய்விட்டது.

"சோத்தில குழம்பை விடப்பா, காயுது. கடலென்ன, சம்மாட்டியாற்ற சொத்தோ?"

பாழ்பட்ட மனிசன்! அவள் அழுதுகொண்டே சிரித்தாள். அன்று அவனுக்கு இரண்டு துண்டு மீன் கூடுதலாக விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை மேடையில் ஏறினாள். சம்மாட்டியார் வாயெல்லாம் பல்லாக மைக்கை நீட்டினார்.

"சனங்களே, நான் விலகாட்டி என்ர மனுசனுக்குப் படகில இடமில்லையாம். சம்மாட்டியார் சொல்லிப்போட்டார். மனுசன்ர சோத்தில கை வைச்சு வாக்குக் கேக்கிற ஆக்களைப் பாருங்கோ! நான் விலகேல்ல. வாங்குக்கே போடுங்கோ!"

யாரோ மைக்கைப் பிடுங்கினார்கள். கூட்டம் விசிலடித்தது. மறுநாளே கொன்ஸ்ரன்ரைனின் தொழில் போயிற்று. அவன் மச்சானின் சின்ன வள்ளத்தில் நண்டு வலை போடத் தொடங்கினான். வருமானம் பாதிதான், பொய் சொல்வானேன்.

தேர்தலில் செலீனா தோற்றாள். கட்டுக்காசும் போயிற்று. ஆனால் சம்மாட்டியாரின் கட்சி வேட்பாளரும் கொஞ்ச வாக்கில் கவிழ்ந்துபோனார். அந்தக் கொதியில் சம்மாட்டியார் அவள் கருவாடு காயவைக்கிற இடத்துக்கே வந்துவிட்டார்.

"உன்னாலதான் தோத்தனாங்கள். இனியெண்டாலும் வாயைப் பொத்திக்கொண்டு இரு!"

குனிந்து கருவாட்டைப் புரட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"எலெக்சன்தான் முடிஞ்சது சம்மாட்டியார். நான் இன்னும் நிக்கிறன்."