தீர்த்தமும் தண்ணிதான்

முதலில் கால் வீங்கியது. செருப்பு ஏறவில்லை. மழைக்குளிர் என்று என் மச்சாள் (மைத்துனி) சொன்னா. நான் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டனான். தெரியாத சொல் ஒன்று காதில் விழுந்தாலே நெஞ்சு அடிக்கும். அன்று ஆஸ்பத்திரியில் விழுந்த சொல் டயாலிசிஸ் (இரத்தத்தை வெளியே எடுத்து, மெசினில் சுத்தமாக்கி, திரும்ப உடம்புக்குள் விடுவது).

"எவ்வளவு காலத்துக்கு, டொக்டர்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சாகும்வரை என்று அதிலேயே விளங்கிவிட்டது.

சிறுநீரகம் செத்தவருக்குத் தண்ணீரும் அளவுதான். குடித்தது வெளியேற வழியில்லாமல் நுரையீரலில் போய் நிற்கும். இதை வாசிக்கிற உங்களில் சிலருக்கு அந்தத் தாகம் தெரிந்திருக்கும்.

என்னில் அன்புள்ளவர்களோ தண்ணீரோடுதான் வந்தார்கள். மச்சாள் எனக்காக நேர்த்தி வைத்து, அம்மன் கோயில் அபிஷேகத் தீர்த்தத்தைச் செம்பு செம்பாகக் கொண்டுவந்தா. தீர்த்தத்தில் மிச்சம் விடக்கூடாது. அம்மனுக்கும் பயம், மச்சாளுக்கும் பயம், குடித்தேன். ஒரு வெள்ளிக்கிழமை, படுத்தால் மூச்சு வரவில்லை.

ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் கிண்ணியா ஊர் பரீதா ராத்தா (முஸ்லிம் சனம் அக்காவை அப்படித்தான் கூப்பிடும்). அவவும் மூச்சு முட்டித்தான் வந்திருந்தா.

"நீங்க என்னத்தால, புள்ள?"

"தீர்த்தம், ராத்தா."

"எனக்கு குர்ஆன் ஓதி ஊதின தண்ணி. போத்தல் கணக்கில." சிரிக்க ஏலாமல் சிரித்தா. "எங்கட சனம் அன்பாலயே எங்களத் தண்ணியில தாட்டுப்போடும்."

டொக்டருக்குச் சரியான கோபம். "தீர்த்தமும் தண்ணிதான், அம்மா."

"அப்ப நாங்க நம்பக் கூடாதா?" ராத்தா விடவில்லை.

"நம்புங்கோ. குடிக்காதேங்கோ."

அதற்குப் பிறகு, பார்க்க வந்த தன் ஆட்களிடம் ராத்தா சொன்னா: "தண்ணி வேணாம். ஓதுறவங்க என்னோட ஆஸ்பத்திரிக்கு வந்து, பக்கத்தில இருந்து ஓதுங்க. தனிய பஸ்ஸில வர எனக்கு ஏலாது." அதைக் கேட்டுத்தான் எனக்கும் வாய் வந்தது. "தீர்த்தத்தை நெத்தியில பூசிவிடுங்கோ, மச்சாள். பிறகு என்னோட வாங்கோ."

மச்சாள் முகத்தைத் தூக்கிக்கொண்டு போனா. பிறகு கோயில் பெண்கள் இரண்டு பேரோடு வந்து நின்றா.

டயாலிசிஸ் நாட்களுக்குக் கிண்ணியாவிலிருந்து ஒரு வான் ஒழுங்கானது. சீனன்குடாச் சந்தியில் நாங்கள் ஏறுவோம். பின்னால் ராத்தாவின் ஆட்கள் குர்ஆன் ஓதுவார்கள், முன்னால் மச்சாள் தேவாரம் முணுமுணுப்பா. ட்ரைவர் தம்பி ரேடியோவை நிறுத்திவிடுவார். ராத்தாவின் ஆட்கள் வர ஏலாத நாளில், ஊசி கழற்றிய இடத்தில் பஞ்சை அழுத்திப் பிடித்தது மச்சாள். "உங்கட அம்மன்ட ஆள் நல்லா நசுக்குறா," என்று ராத்தா கத்துவா.

நம்பிக்கையும் வேலையும் அப்படி ஒன்றாகிய பிறகும் நோய் விடவில்லை. ஒரு காலை, மெசின் ஓடிக்கொண்டிருக்கும்போதே ராத்தாவின் நெஞ்சு நின்றுவிட்டது. அடுத்த முறை வான் வராது என்றுதான் நினைத்தேன். நான் அவர்கள் வீட்டு ஆளே இல்லை. எனக்காக ஏன் வரவேண்டும்? ஆனாலும் சந்தியில் போய் நின்றேன்.

வான் வந்தது. உள்ளே ராத்தாவின் மகள்.

"ஏறுங்க மாமி. நேரமாகுது."

என் கையில் பிஸ்டுலா (ஊசி ஏற்றுவதற்காக நாடியையும் நாளத்தையும் சேர்த்துத் தைத்த இடம்) இருக்கிறது. அதில் கை வைத்தால் உள்ளே இரைவது தெரியும். பயத்தில் அதை யாரையும் தொட விட்டதில்லை. கப்பல்துறைப் பக்கம் மழை இருட்டியிருந்தது. பிள்ளை ஒன்றும் கேட்காமல் தன் உள்ளங்கையை அதன்மேல் வைத்தாள்.

"உம்மாட கையும் இப்படித்தான் இரையும்."

ஆஸ்பத்திரி வரும்வரை அவள் கையை எடுக்கவில்லை. எவ்வளவு நேரம் என்று நான் பார்க்கவில்லை. இரையும் என் கை எனக்கு மட்டும் உரியது என்ற எண்ணம் அதன்பிறகு வரவில்லை.