நாய்க்காரரும் கொக்கிப்புழுப் படமும்

படத்தை ஒட்டிய மறுநாள் காலையில் டிஸ்பென்சரிக்கு ஒரு ஆள்கூட வரவில்லை.

சாதாரண நாளில் காலையில் பேர் கூப்பிடும் ஆளெடுப்பு முடிந்ததும் வாசலில் கூட்டம் நிற்கும். ஒருவருக்குக் காய்ச்சல், ஒருவருக்குக் கத்திவெட்டு, ஒருவருக்கு வேலைக்குப் போக மனமில்லாத வயிற்றுவலி. அன்று அந்த வயிற்றுவலிகூட வரவில்லை. கொக்கிப்புழு மருந்து குடிக்க வாருங்கள் என்று அழைக்கத்தான் அந்தப் படம். அது வழக்கமாக வருகிறவர்களையும் விரட்டிவிட்டது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்த கதைதான்.

நான் சின்னக்கானல் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் கம்பவுண்டராக இருந்தவன். வெள்ளைக்காரன் காலத்தில், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நடந்தது இது. இப்போது படக்கதை படிக்கும் பிள்ளைகள் உங்களுக்குப் பிடித்த சித்திரக்காரர் யார் என்று என்னைக் கேட்கிறார்கள். பிடித்தவர் ஒருவர் உண்டு. பெயர் தெரியாது, ஊர் தெரியாது. ஆனால் எங்கள் எஸ்டேட்டில் ஒரு உயிர் பிழைத்ததில் அவருக்குப் பங்கு உண்டு. அதை எழுதிவைக்கிறேன்.

1. பங்களாவிலிருந்து வந்த கட்டு

எஸ்டேட் துரையின் மகனுக்குச் சீமையிலிருந்து வாராவாரம் சித்திரப் பத்திரிகை தபாலில் வரும். பையனைச் சின்ன வயதிலேயே படிக்கச் சீமைக்கு அனுப்பிவிட்டார்கள். பத்திரிகை மட்டும் நின்றபாடில்லை. நிறுத்தச் சொல்லி எழுதத் துரைசானிக்கு மனம் வரவில்லை என்று பட்லர் சொன்னார். பிரிக்காத கட்டு அப்படியே டிஸ்பென்சரிக்கு வந்துவிடும், பொடி மருந்து மடித்துக் கொடுக்க. நான் மடிப்பதற்கு முன் ஒருதரம் பார்ப்பேன். பார்த்த பிறகு சில தாள்களை மடிக்கக் கை வராது.

என் இங்கிலீஷ் மருந்துப் புட்டி படிக்கிற அளவுதான். அதனால் எழுத்தை விட்டுவிட்டுப் படத்தை மட்டும் பார்த்தேன். அதுவே நல்லதாயிற்று. எழுத்தை மறைத்தாலும் கதை நடக்கிறதா என்று பாருங்கள். நடந்தால் வரைந்தவர் கெட்டிக்காரர்.

எனக்கு இரண்டு சித்திரக்காரர்களைப் பிடித்தது. கையெழுத்துப் புரியாததால் நானே பெயர் வைத்தேன். ஒருவர் மழைக்காரர். பேனாவால் மெல்லிசுக் கோடாக இழைத்து ஒரு பக்கம் முழுக்கத் தெரு, குடை, குதிரை வண்டி, ஓட்டுக்கூரை எல்லாம் வரைவார். அவர் மழையைப் பார்த்தால் எங்கள் ஆடி மாதம் ஞாபகம் வந்து கால் சில்லென்று ஆகும். எத்தனை முறை பார்த்தாலும் புதிதாக ஒரு பூனையோ ஒரு திருடனோ மூலையில் அகப்படுவான்.

இன்னொருவர் நாய்க்காரர். அவர் வரைவது நாலே கட்டம். ஒரு தொப்பைக்காரர், ஒரு குட்டி நாய். பின்னால் சுவர்கூட இருக்காது. தொப்பைக்காரர் ஏணியிலிருந்து விழுவார், ஆற்றில் விழுவார், மாமியார் வீட்டு விருந்தில் விழுவார். எங்கே விழுந்தாலும் அதே கட்டம் போட்ட கால்சட்டை. சிரிப்பு நன்றாக வரும். ஆனாலும் இந்த மனிதருக்கு வேறு துணி வரையத் தெரியாதா என்று எனக்கு ஒரு இளக்காரம் இருந்தது.

தாள்களை என்னோடு உட்கார்ந்து பார்க்கிறவர் சுடலைமுத்து. ஃபாக்டரியில் தேயிலைப் பெட்டிகளுக்கு மார்க் போடுகிற வேலை அவருக்கு. கை நல்ல கை. மாரியம்மன் கோயில் சுவரில் சிங்கம் வரைந்தவர் அவர்தான்.

"கோடுன்னா இதுல்லா வே கோடு" என்று மழைக்காரரைக் காட்டுவார். "நாய்க்காரன் சோம்பேறிப்பய. ஒரு மரம் வரையுதானா பாரும்."

நானும் ஆமாம் போட்டேன்.

2. நாலு கட்டம்

பெரிய டாக்டர் மாதம் ஒருமுறை எங்கள் டிவிஷனுக்கு வருவார். பாலக்காட்டுக் கல்பாத்திக்காரர். அந்த வருஷம் மழைக்காலத்தில் வந்து பத்து நாள் தங்கியபோது முகம் சரியில்லை. கொழுந்து கிள்ளுகிற பெண்களில் பாதிப் பேருக்கு நகக்கண் வெளுத்துக் கிடந்தது. வெறுங்காலோடு ஈர மண்ணில் நடக்கும்போது கொக்கிப்புழுக் குஞ்சு காலைத் துளைத்து ஏறி, வயிற்றில் போய் உட்கார்ந்து ரத்தம் குடிக்கிறது. எண்ணெய் மருந்து கொடுத்தால் விழுந்துவிடும். ஆனால் குடிக்க ஆள் வேண்டுமே.

டாக்டருக்கு அதிகக் கவலை பேச்சியம்மாளைப் பற்றி. சின்ன வயசுக்காரி. புருஷன் போன வருஷம் இதே வெளுப்பில் ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பவில்லை. ஒரு பெண் குழந்தை. மேட்டில் கொஞ்ச தூரம் ஏறினால் உட்கார்ந்துவிடுவாள். கால் வீங்கியிருந்தது. அவளுடைய கங்காணி மாடசாமி என்னிடம் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார்.

"நான் எம்புட்டு நாள் மறைக்க முடியும் கம்பவுண்டரே? மழை விடுததுக்குள்ள தேறலன்னா பேர வெட்டிருவாக. போடிக்கு இறக்கித்தான் விடணும்."

போடிக்கு இறங்குவது என்றால் அந்தக் காலத்தில் கணவாய் வழியாக நடை. அவள் இருந்த இருப்பில் பாதி வழி தாண்டமாட்டாள் என்பது எனக்கும் தெரியும், கங்காணிக்கும் தெரியும்.

"இவாள்லாம் சொன்னாக் கேக்கமாட்டா ஓய், பாத்தாக் கேப்பா. படமா வரைஞ்சு ஒட்டும்" என்றார் டாக்டர். சுடலைமுத்து மூன்று நாள் உட்கார்ந்து மழைக்காரர் பாணியில் நாலு கட்டம் வரைந்தார். முதல் கட்டத்தில் ஒருவன் கறுப்புக் கம்பளி போர்த்திப் புதர் ஓரம் வெறுங்காலோடு நடக்கிறான். இரண்டாவதில் மெலிந்து, கிழிந்த கம்பளியோடு சுருண்டிருக்கிறான். மூன்றாவதில் கம்பளி இல்லாமல் உட்கார்ந்து மருந்து குடிக்கிறான், புழு விழுகிறது. நாலாவதில் கொழுகொழுவென்று, புதுச் சிவப்புக் கம்பளி போர்த்திச் சிரிக்கிறான். சுகமானவன் சம்பாதித்துப் புதுக் கம்பளி வாங்கிவிட்டானாம். ஒவ்வொரு கட்டத்திலும் மலை, தேயிலை, மஞ்சு மூட்டம், பின்னால் மாடு மேய்கிறது.

டாக்டர் பார்த்துவிட்டு "பேஷ், நன்னா வரைஞ்சிருக்கான்" என்றார். நானும்தான் மெச்சினேன். ஒட்டினோம். மறுநாள் என்ன ஆயிற்று என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

3. யார் சிரிக்கிறது?

மத்தியானம் நான் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்துக்கே போனேன். பேச்சியம்மாள் அடுப்புப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். குழந்தை மடியில் தூங்கியது.

"ஏம்மா வரல?"

"நேத்தே வந்து படத்தப் பாத்தேன் அய்யா. அதான் வரல."

"படத்துல என்ன?"

அவள் என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள். தெரிந்துகொண்டே கேட்கிறானோ என்று நினைத்திருப்பாள்.

"நாலு ஆளு இருக்காக. ஒருத்தன் சும்மா நடந்து போறான். ஒருத்தன் சீக்காக் கெடக்கான், ஆனா அவன் வயித்துல புழு இல்ல. ஒருத்தன் மருந்தக் குடிக்கான், புழுவாக் கொட்டுது. மருந்தக் குடிக்காத செவப்புக் கம்பளிக்காரன் நின்னு சிரிக்கான். நான் எதைக் குடிக்கணும்ங்கீக?"

வெளியே வந்து நின்றேன். மஞ்சு இறங்கியிருந்தது. மேட்டிலிருந்து பெண்கள் இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். ஒரு முகமும் தெரியவில்லை. ஆனால் பக்கத்தில் நின்ற கிழவர் ஒவ்வொரு பேராகச் சொன்னார். வெள்ளை நூல் ஒட்டுப் போட்டது முத்துப்பிள்ளை, ஓரம் கருகினது பாப்பாத்தி. எங்கள் மலையில் ஒருவருக்கு இருப்பது ஒரே கம்பளி. மஞ்சுக்குள் ஆளை அடையாளம் காண்பது அதை வைத்துத்தான். கம்பளி மாறினால் ஆள் மாறிவிட்டது. நாங்கள் ஒரு மனிதனின் கதை என்று வரைந்ததை அவர்கள் நாலு மனிதர்களாகப் பார்த்தார்கள். அவர்கள் கண்ணுக்கு அதுதான் சரி.

அப்போதுதான் அந்தக் கட்டம் போட்ட கால்சட்டை எனக்கு விளங்கியது.

4. நாய் பார்த்த பக்கம்

ஓடிப்போய் நாய்க்காரரின் தாள்களை எல்லாம் எடுத்து மேஜையில் பரப்பினேன். சுடலைமுத்துவையும் கூப்பிட்டேன்.

"சோம்பேறின்னீரே வே, இப்பம் பாரும்."

தொப்பைக்காரர் ஆற்றில் விழுந்தாலும் தொப்பி போவதில்லை, கால்சட்டை மாறுவதில்லை. எந்தக் கட்டத்தில் பார்த்தாலும் இவர்தான் அவர். பின்னால் மரம் இல்லை, வீடு இல்லை. கண் வேறெங்கும் போகாது. சுடலைமுத்து வெகுநேரம் பார்த்துவிட்டு, நான் அத்தனை வருஷம் காணாத ஒன்றைக் கண்டுபிடித்தார்.

"கம்பவுண்டரே, நாயப் பாத்தீரா? எப்பவும் அடுத்த கட்டத்தப் பாத்துத்தான் நிக்குது."

ஆமாம். கடைசிக் கட்டத்தில் மட்டும் நாய் நம்மைப் பார்த்தது. அந்த மனிதர் கோட்டை மிச்சம் பிடித்தது சோம்பலால் அல்ல. பார்க்கிறவன் கையைப் பிடித்து அழைத்துப்போகிற வேலையை ஒரு குட்டி நாயிடம் கொடுத்திருந்தார். மழைக்காரர் நம்மை நிற்கவைத்து வேடிக்கை காட்டுகிறவர். நாய்க்காரர் நம்மோடு சேர்ந்து நடக்கிறவர். மழைக்காரரை நான் இன்றும் ரசிக்கிறேன். ஆனால் நோயாளிக்குச் சேதி சொல்ல அவர் ஆகமாட்டார்.

சுடலைமுத்து இந்தத் தடவை மாடும் மலையும் வரையவில்லை. உடைந்த பெட்டிகளின் பலகை நாலு எடுத்தார். ஆணுக்குப் பதில் கொழுந்துக் கூடையோடு ஒரு பெண். எல்லாப் பலகையிலும் ஒரே கம்பளி, தோளில் ஒரே வெள்ளை ஒட்டு. கூடவே லயத்து நாய் ஒன்று, அடுத்த பலகையைப் பார்த்தபடி. புழு முதல் பலகையில் காலடியில், இரண்டாவதில் வயிற்றுக்குள், மூன்றாவதில் மருந்து குடித்து வெளியே. நாலாவதில் அவள் நிமிர்ந்து மேடு ஏறுகிறாள். லயத்திலிருந்து டிஸ்பென்சரிக்கு ஏறி வரும் பாதையில் பலகைகளை வரிசையாக அடித்தோம். நாலாவது எங்கள் வாசலில்.

வேலை முடிந்து கீழே இறங்குகிறவர்களுக்குக் கதை தலைகீழாகத்தானே தெரியும் என்று எனக்குப் பயம். ஆனால் அன்று சாயங்காலம் ஒரு பெண் மற்றவளிடம் சொன்னது காதில் விழுந்தது. "நாய் மேல பாத்துல்லா போகுது. காலம்பற வரும்போது பாரு, வெளங்கும்."

5. நாலாவது பலகை

மறுநாள் ஏழெட்டுப் பேர் வந்தார்கள். கடைசியில், வழியில் உட்கார்ந்து உட்கார்ந்து, பேச்சியம்மாளும் வந்தாள். உள்ளே வராமல் வாசல் பலகையையே பார்த்து நின்றாள்.

"மூணும் சரிதான் அய்யா. அது நாந்தான். நாலாவது யாரு?"

"அதுவும் நீதாம்மா. சொகமானப்பறம்."

"இன்னும் ஆகாததுல்லா அது" என்றாள். கோபம் இல்லை. "எங்க வீட்டுக்காரருக்கும் இப்படித்தான் சொன்னாக. சொகமாயிருவான், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்கன்னாக. நான் மருந்து குடிக்கேன். அதைக் கழத்தி வையுங்க. நான் மேடு ஏறினா அப்பம் மாட்டிக்கோங்க."

சுடலைமுத்துவுக்கு முகம் சுண்டிவிட்டது. நான் ஆணியிலிருந்து பலகையைக் கழற்றினேன். வாசலில் நின்ற எல்லாரும் பார்த்தார்கள். சாயங்காலத்துக்குள் எல்லா லயத்துக்கும் செய்தி போய்விட்டது. கம்பவுண்டர் கடைசிப் படத்தை எடுத்துவிட்டார், பேச்சிக்கு என்ன ஆகிறது என்று பார்த்துவிட்டுத்தான் மற்றவர்கள் குடிப்பார்களாம்.

டாக்டருக்கு அது பிடிக்கவில்லை. "விஷப்பரீட்சை ஓய் இது. அவ உடம்புல ரத்தமே இல்லை. முதல்ல இரும்புச்சத்து மிக்ஸர் குடுத்து ரத்தம் ஊறட்டும், அப்பறந்தான் எண்ணெய். நடுவுல ஏதாவது ஆச்சுன்னா இந்த மலையில ஒருத்தரும் மருந்தைத் தொடமாட்டா." கங்காணியைக் கூப்பிட்டுச் சொன்னதோடு, அதுவரை பேரை வெட்டக்கூடாது என்று துரைக்கும் எழுதிக் கொடுத்தார்.

அந்த வாரங்களில் நான் சரியாகச் சாப்பிடவில்லை. சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்பார்கள். அந்தச் சுவர் நிற்குமா என்பதே தெரியாமல் முதலில் சித்திரத்தை எழுதிவிட்டோமே என்று இருந்தது. எண்ணெய் மருந்து கொடுத்த அன்று அவளை டிஸ்பென்சரியிலேயே படுக்கவைத்தேன். மயக்கம் வந்தது, வாந்தி வந்தது. குழந்தையை மாடசாமிக் கங்காணியின் வீட்டுக்காரி தூக்கிப்போனாள். பேதி உப்புக் கொடுத்து, புழு விழுந்ததை நான் கண்ணால் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. மறுபடியும் மிக்ஸர், மறுபடியும் காத்திருப்பு. வெற்று ஆணியைப் பார்த்துக்கொண்டே மருந்து கலந்தேன்.

படக்கதை வரைய ஆசைப்படும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். பார்க்கிறவன் எதை வைத்து ஆளை அறிகிறான் என்று முதலில் அவன் ஊரில் போய் நின்று தெரிந்துகொள்ளுங்கள். பிறகு கோடு போடுங்கள். கடைசிக் கட்டத்தில் ஒரு நல்லதைக் காட்டினால், அது உங்களால் கொடுக்க முடிந்ததுதானா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வரைவதற்குச் செலவில்லை. நம்புகிறவர்களுக்கு உண்டு.

மழை விட்டது. ஒரு நாள் காலையில் சுடலைமுத்து நாலாவது பலகையைச் சீவிச் சுத்தமாக்கி, வர்ண டப்பாவோடு வாசலில் வந்து உட்கார்ந்தார். பழைய படம் வேண்டாம், ஆளைப் பார்த்தே வரையப் போகிறேன் என்றார். பெண்கள் மேட்டில் ஏறிக்கொண்டிருந்தார்கள். அவர்களோடு பேச்சியம்மாள், தலையில் கயிறு மாட்டி முதுகில் கூடையோடு.

"ஏளா பேச்சி, கொஞ்சம் நில்லு. படம் வரையணும்" என்று சுடலைமுத்து சத்தம் கொடுத்தார்.

"நிக்க நேரமில்லண்ணே. இன்னைக்கு மேல்மலைக் கொழுந்து" என்று சொல்லிக்கொண்டே அவள் போனாள். முன்பு உட்காருகிற பாறையையும் தாண்டிப் போனாள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

அடுத்த மாதம் டாக்டர் வந்து பலகையைப் பார்த்தார். ஒரு பெண்ணின் முதுகும் கூடையும் மட்டும் இருந்தன.

"என்னடா இது, மூஞ்சியே காணலையே?"

"அவ நிக்கலைங்கய்யா" என்றார் சுடலைமுத்து.